மாம்பலம் வரைக்கும் ஒரு காதல்

தாம்பரத்துக்கும் மாம்பலத்துக்கும் நடுவில் ஒன்பது ரயில் நிலையங்கள். சானடோரியத்தில் கொஞ்சம், குரோம்பேட்டையில் நிறைய என்று கூட்டம் ஏறி, பல்லாவரம் வருவதற்குள் மகளிர் பெட்டியில் கையை அசைக்க இடமிருக்காது. அந்த நெரிசலில் படிக்கிற புத்தகம் ஒற்றைக் கையில் அடங்க வேண்டும். கிண்டியில் இறங்குகிறவர்கள் இடித்துத் தள்ளிய பிறகும், விட்ட இடத்தைத் தேடாமல் தொடர முடிய வேண்டும். இந்தத் தேர்வில் பெரிய இலக்கியங்கள் பல தோற்றுப் போகும். லேசான காதல் நாவல் முதல் வகுப்பில் தேறும்.

ரமணிசந்திரன் நூற்றைம்பதுக்கும் மேல் நாவல்கள் எழுதியவர். கதை பெரும்பாலும் ஒன்றுதான்: வசதியும் கோபமும் உள்ள நாயகன், தன்மானம் விடாத நாயகி, யாரோ மூட்டிவிட்ட மனத்தாங்கல், கடைசியில் சுபம். லெண்டிங் லைப்ரரியில் இவருடைய நாவலை எடுத்தால் உள்பக்க ஓரத்தைப் பாருங்கள். ஒரு சின்னப் பூ, ஒரு ‘ச’, இரண்டு புள்ளி, ஒரு முக்கோணம் இருக்கும். ஏற்கெனவே படித்தாயிற்றா என்பது தலைப்பைப் பார்த்தாலும் தெரியாது, கதையைப் புரட்டினாலும் தெரியாது. அதனால் வாசகிகள் ஆளுக்கொரு அடையாளம் போட்டு வைப்பார்கள்.

முடிவு தெரிந்த கதையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. சேர்வார்களா என்பதற்காக யாரும் இதைப் படிப்பதில்லை. எப்படிச் சேரப் போகிறார்கள் என்பதில்தான் ருசி. அந்த ‘எப்படி’யில் சிரிப்பும் கலந்துவிட்டால் இன்னும் விசேஷம்.

சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ அந்த வகை. 1960களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. வில்லன் கிடையாது, யாரும் சாவதில்லை. நம்மூர்க் கல்யாணம் ஒன்று அமெரிக்காவில் நடக்கிறது, அவ்வளவுதான். அப்பளம் இடப் பாட்டிகள் விமானம் ஏறுகிறார்கள். சம்பந்திச் சண்டை ஒரு காட்சிப் பொருளாகிவிடுகிறது. வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று எழுதியதால் ஒவ்வொன்றும் தன்னளவில் முழுசாக இருக்கும். திரிசூலத்தில் தொடங்கினால் பரங்கிமலைக்குள் ஒரு சிரிப்பு நிச்சயம்.

வாசகரை அழவைக்க ஒரு சாவு போதும். வேர்வையும் தோள்பையும் நெருக்குகிற பெட்டியில் நின்றுகொண்டிருப்பவரைச் சிரிக்கவைப்பதுதான் கஷ்டம். வாக்கியம் சுருங்க வேண்டும். பேச்சு உடனுக்குடன் வர வேண்டும். ஊடல் நீளவும் கூடாது, சட்டென்று தீரவும் கூடாது. படிக்கச் சுலபமாக இருப்பது எழுதியவர் பட்ட பாட்டினால்தான்.

இதையெல்லாம் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. இரண்டு பேரைச் சந்திக்க வைத்து, சண்டை போடவைத்து, படிப்பவரைச் சிரிக்கவும் வைத்து ஒரே ஓர் அத்தியாயம் எழுதிப் பாருங்கள். முதல் பக்கத்திலேயே சாவிக்கு ஒரு கும்பிடு போடுவீர்கள்.