ஜட்டிக்கும் இஸ்திரி போடும் சித்தப்பா!

எங்கள் சித்தப்பா ஜட்டிக்கும் இஸ்திரி போடுவார். பனியன், சாக்ஸ், துண்டு எதுவும் தப்பாது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகிறது. கரன்ட் பில் வரும்போதெல்லாம் சித்தி புலம்புவார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அவர் ஜட்டியின் எலாஸ்டிக்கைத் திருப்பித் திருப்பித் தேய்ப்பதை ஒளிந்திருந்து வீடியோ எடுத்தேன். காமெடி மியூசிக் சேர்த்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன். டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவன் கை சும்மா இருக்குமா? சிரிப்பு எமோஜிகள் குவிந்தன. சித்தப்பா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

இரவு திண்ணையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"காங்கோ போனேன்ல..." என்று அவரே ஆரம்பித்தார்.

2015-ல் ஐ.நா. அமைதிப்படையில் கிழக்கு காங்கோவின் கோமாவில் இருந்தவர். எரிமலை கக்கிய கறுப்புப் பாறைமேல் முகாம். வாளி, பார் சோப்பு, கொடிக்கயிறு. அடிக்கடி மழை என்பதால் தார்ப்பாய்க்கு அடியில்தான் துணி காயும்.

"அங்க ஒரு ஈ இருக்குடா. நிழல்ல காயுற ஈரத்துணியில முட்டை வைக்கும். அதைப் போட்டா புழு தோலுக்குள்ள போயிடும். கட்டி மாதிரி வீங்கும்."

டும்பு ஈ என்று பெயர். முட்டையைக் கொல்ல சூடான இஸ்திரிப் பெட்டிதான் வழி. தையல், எலாஸ்டிக், ஒரு மடிப்பு விடக்கூடாது.

ஒருநாள் ஜெனரேட்டர் ரிப்பேர். விடிந்தால் ரோந்து. சித்தப்பாவின் கீழ் இருந்த 22 வயதுப் பையன், "அண்ணே, பனியன் தேய்க்கலையே?" என்று கேட்டிருக்கிறான். இவர், "ஒருநாள்தானே, போட்டுக்க" என்றாராம்.

ஒரு வாரத்தில் அவன் முதுகில் ஐந்து கட்டிகள். வாஸ்லின் பூசி மூச்சை அடைத்து, ஒவ்வொரு புழுவாக வெளியே எடுத்தார்கள். அவன் வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுத்திருக்க, கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் சித்தப்பா.

"அவன் ஒரு வார்த்தை திட்டலடா. கேட்டுட்டுத்தானே போட்டான்."

கொஞ்ச நேரம் கழித்து மெல்லக் கேட்டேன். "நம்ம ஊர்லதான் அந்த ஈ இல்லையே சித்தப்பா?"

"தெரியும்டா."

உள்ளே போய் முதல் வேலையாக வீடியோவை அழித்தேன். அதற்குள் பெரிய மாமா அதை இன்னும் இரண்டு குரூப்புக்கு அனுப்பியிருந்தார். அவருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன்.

கூடத்தில் அக்கா, மூன்று மாதக் குழந்தையின் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துவந்து மடித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா பக்கத்தில் வந்து கை நீட்டினார். நான் இஸ்திரிப் பெட்டியின் ப்ளக்கைச் செருகினேன்.