புழுவும் பழக்கமும்

பிறரை அண்டி உண்பது இழிவு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவ்வாறு உண்பதையே வாழ்வாகக் கொண்ட ஒட்டுண்ணிகளைப் பற்றிக் கற்கப் புகுந்தபோது முதலில் தோன்றியது அருவருப்பே. பாடம் வளர வளர அருவருப்பு நீங்கி ஒரு வினா எழுந்தது. இவை நம்முள் நுழையும் வழி எது? நடப்பதும் உண்பதும் குடிப்பதுமாகிய நம் அன்றாடப் பழக்கங்களே அவற்றுக்கு வாயில்கள் என்பதை உணர்ந்தோம்.

திருப்பதியில் 1954ஆம் ஆண்டு தோன்றிய ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்ற தமிழ் மாணவர் சிலர் நாங்கள். பகலெல்லாம் நுண்ணோக்கியில் கண் பதித்திருந்துவிட்டு, மாலையில் அலிபிரி வரை நடப்போம். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் நிலத்தின் வட எல்லையாகச் சுட்டும் வேங்கட மலைக்கு, நடந்தேறுவோர் முதற்படியில் கால் வைக்கும் இடம் அது. ஏறத்தாழ 3,550 படிகளை வெறுங்காலுடன் ஏறுவோர் பலர். அங்குள்ள திருவடி மண்டபத்தில், இறைவனின் பாதுகைகளைத் தலையில் ஏந்தி அடியார்கள் வலம் வருவர். பாதுகை தலைமேல், பாதமோ வெறுந்தரையில். கொக்கிப்புழுவைப் படித்துவிட்டு வந்த எங்களுக்கு அக்காட்சி சிந்தனையைத் தூண்டியது.

கொக்கிப்புழு வாய்வழியாக மட்டுமே புகும் என்று ஒரு காலத்தில் கருதினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், கெய்ரோ நகரில் ஆய்வு செய்த ஆர்தர் லூஸ் என்னும் செருமானிய அறிஞரின் கைமேல் புழுவின் இளவுயிர்கள் கலந்த நீர்த்துளி விழுந்தது. தோல் அரித்துச் சிவந்தது. சில வாரங்களில் அவர் மலத்தில் அப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. அவை தோலைத் துளைத்துக் குருதியில் கலந்து, நுரையீரல் வழியே தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகின்றன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. குடலைப் பற்றிக் குருதி குடிக்கும் அப்புழுவால் குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் சோகை பிடித்து வாடுவர்.

அவ்வாறாயின் மலையேறும் வெறுங்கால் தீங்கானதா? அன்று. மனித மலம் கலந்த, ஈரமும் நிழலும் உள்ள மண்ணிலேயே அப்புழு வளரும். கல் பாவிய படியில் அதற்கு இடம் அரிது. வழிபாட்டுக்கு ஏறும் வெறுங்காலுக்கும், விடியலில் திறந்த வெளிக்கு ஒதுங்கச் செல்லும் வெறுங்காலுக்கும் வேற்றுமை உண்டு. காரணம் அறிந்தவர்க்கே அவ்வேற்றுமை புலப்படும்.

வீட்டுப் பழக்கங்களையும் அவ்வாறே எண்ணிப் பார்த்தோம். "கால் கழுவிக்கொண்டு உள்ளே வா" என்பார் பாட்டி. அதனால் தெரு அழுக்கு வாயிலோடு நிற்கும். ஆனால் தோலுக்குள் புகுந்துவிட்ட புழுவை நீர் வெளியேற்றாது. அதற்குச் செருப்பும் கழிப்பறையுமே காவல். உருண்டைப்புழு ஒன்று நாளொன்றுக்கு 2 இலட்சம் முட்டைகள் வரை இடும். அவை நகத்திலும் கீரையிலும் ஒட்டிக்கொள்ளும். ஆதலின் நகம் வெட்டு, கையைக் கழுவு, கீரையை மும்முறை அலசு என்ற கட்டளைகள் வெறும் கண்டிப்பு அல்ல.

குடத்தின் வாயில் துணி கட்டி நீரை வடிகட்டும் வழக்கத்தின் பெருமையை நரம்புச் சிலந்திப் புழுவின் வரலாறு உரைக்கும். குடிநீரிலுள்ள நுண்ணிய நீர்ப்பூச்சியின் வழியே உட்புகுந்து, ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் காலைப் பிளந்து வெளிவரும் புழு அது. அதற்குத் தடுப்பூசியும் இல்லை, தீர்க்கும் மருந்தும் இல்லை. வடிகட்டிய நீரும் பாதுகாத்த கிணறுமே அதனை வென்றன. 1996இல் இந்தியாவின் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் நம் நாட்டை அந்நோய் அற்றதாக அறிவித்தது. ஒரு முழத் துணி செய்த தொண்டு சிறிதன்று.

2015 முதல் இந்தியப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க நாளில் மாத்திரை வழங்கப்படுகிறது. மாத்திரை உள்ளிருக்கும் புழுவை நீக்கும். மீண்டும் புகாமல் தடுப்பது பழக்கமே.

ஊர் விட்டு வந்த நாம் பெட்டியில் கொண்டுவந்தவை சில. பழக்கமாகக் கொண்டுவந்தவை பல. செருப்பை ஏன் வாயிலில் விட வேண்டும், கையை ஏன் உண்ணுமுன் கழுவ வேண்டும் என்று நம் பிள்ளைகள் வினவும்போது, "அது நம் வழக்கம்" என்று மட்டும் விடை கூறினால், அடுத்த தலைமுறையில் அவ்வழக்கம் இராது. காரணத்தையும் சேர்த்துச் சொல்வோம். காரணம் கூற இயலாத பழக்கம் ஏதேனும் இருப்பின், அது நமக்கு உதவுகிறதா, நம்மை அண்டி உண்கிறதா என்பதையும் பிள்ளைகளோடு அமர்ந்தே ஆராய்வோம்.