எஞ்சினை மாற்றலாமா?

இரண்டு விஷயங்களைப் பற்றி நம் ஊரில் யாரையும் யோசனை கேட்கவே வேண்டியதில்லை. தானாகவே வந்து சேரும். ஒன்று, ஜலதோஷத்துக்கு மருந்து. மற்றொன்று, பழைய கார்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் 1969-ம் வருஷத்து அம்பாஸடர் ஒன்று இருக்கிறது. தாத்தா வாங்கியது. அவருக்குப் பிறகு அப்பா ஓட்டினார். எழுபத்து நாலு வயதில் இன்றும் ஓட்டுகிறார். காரும் நன்றாகவே ஓடுகிறது. தொந்தரவு ஆரம்பித்ததே அதனால்தான். ஓடாத எஞ்சினாக இருந்தால் ஒரே நிமிஷத்தில் தீர்மானம் செய்துவிடலாம். நன்றாக ஓடுகிற எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதைவிடச் சக்தி வாய்ந்த ஒன்றைப் பொருத்தலாமா என்பதுதான் எங்கள் குடும்பத்தில் எழுந்த வழக்கு.

வழக்கில் ஒரு விசித்திரம். 'மாற்றத்தான் வேண்டும்' என்றவர் அப்பா. 'மாற்றவே கூடாது' என்றவன் அண்ணன். பெரியவர்கள் பழமையைப் பிடித்துக் கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் புதுமையைத் தேடுவார்கள் என்று நாம் எழுதுகிற கதைகளிலெல்லாம் வருகிறதே, அது எங்கள் வீட்டில் தலைகீழாக நடந்தது. இருவரும் சேர்ந்து என்னை நீதிபதி ஆக்கினார்கள். "நீதான் பத்திரிகைக்காரன் ஆச்சே! நாலு பேரைக் கேட்டுச் சொல்லு" என்றார் அப்பா. அம்மாவை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் கட்சிக்காரர்களான இரண்டு எஞ்சின்களின் ஜாதகத்தையும் பார்த்துவிடலாம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாவது வரிசைதான் இங்கே அம்பாஸடர் ஆயிற்று. கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைத் தயாரித்தது. எங்கள் காரில் இருப்பது நாலு சிலிண்டர், 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின். சக்தி சுமார் 50 குதிரை. 'பி' வரிசை என்று பெயர் பெற்ற இந்தக் குடும்பத்து எஞ்சினை, இரட்டைக் கார்ப்பரேட்டரோடு, 1955-ல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் ஒய்யாரமான இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரிலும் வைத்தார்கள். ஆகவே, நம் அம்பாஸடரைக் கட்டை வண்டி என்று பரிகசிப்பவர்கள் சற்று யோசித்துப் பேச வேண்டும்!

எதிர்க்கட்சி, ஜப்பான் தேசத்து இஸுஸு. 1990-களின் தொடக்கத்தில் அம்பாஸடர் தொழிற்சாலையே இந்த எஞ்சினைப் பொருத்தத் தொடங்கியது. 1817 கன சென்டிமீட்டர், சுமார் 75 குதிரைச் சக்தி, ஐந்து கியர். 2014-ல் அம்பாஸடர் தயாரிப்பே நின்றுவிட்டாலும், உடைப்புக்கு வருகிற வண்டிகளிலிருந்து இந்த எஞ்சின் கிடைக்கிறது. பழைய அம்பாஸடரில் இதைப் போட்டுக்கொண்டு நாற்கரச் சாலையில் பறப்பவர்கள் பலர் உண்டு.

அப்பாவின் வாதம் இது: பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக் காட்டில் இருக்கும் எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போவது வழக்கம். போக வர சுமார் 120 கிலோ மீட்டர். சென்ற தடவை கோயிலுக்கு ஒரு மைல் இருக்கும்போது, கூட்டத்தில் ஊர்ந்து ஊர்ந்து போனதில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. அம்மா முக்கால் மணி நேரம் பனைமரத்தடியில், தலையில் முந்தானையைப் போட்டுக் கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பெரிய எஞ்சினாப் போட்டா கொதிக்காது. ஏ.ஸி.யும் வச்சுக்கலாம்" என்றார் அப்பா.

அண்ணனோ சட்டப் புத்தகத்தோடு வந்தான். 2021-ல் மத்திய சர்க்கார் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி செய்திருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 வருஷத்துக்கு மேல் ஆன கார், எஞ்சினோ சட்டமோ உடலோ பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால், அதற்கு 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு தனி நம்பர் உண்டு. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 வருஷத்துக்குச் செல்லும். "எஞ்சினை மாத்தினா அந்தக் கௌரவம் போயிடும்ப்பா!" என்றான்.

"அந்த நம்பர் போட்டா கோயிலுக்குப் போகலாமா?" என்று அப்பா கேட்டார்.

அண்ணன் விதியைப் படித்தான். கண்காட்சிக்குப் போகலாம்; பழைய கார்களின் ஊர்வலத்துக்குப் போகலாம்; பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் போகலாம். வழக்கமான உபயோகத்துக்குச் சாலையில் ஓட்டக் கூடாது.

"அப்போ சாமி கும்பிடப் போக முடியாது, சாமி மாதிரி வச்சுக் கும்பிடலாம்!" என்றார் அப்பா.

நீதிபதியான நான், நிபுணரின் சாட்சியத்தை நாடினேன். நாற்பது வருஷமாக அம்பாஸடரிலேயே கை கறுத்தவர் எங்கள் மெக்கானிக் பாய். நாலு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் கேஜை வைத்து ஸ்டார்ட்டரைச் சுழல விட்டார். நாலு சிலிண்டரிலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றது. டாப்பெட் இடைவெளியைப் பார்த்தார். புகைக் குழாயின் வாயைத் துணியால் துடைத்துப் பார்த்தார். பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டு, செங்காவிக் குழம்பு போன்ற துருவை எடுத்துக் காட்டினார்.

"அண்ணாச்சி, எஞ்சின் மேலே ஒரு குத்தமும் இல்லை. ரேடியேட்டர்லே பாதிக் குழாய் அடைச்சுக் கிடக்கு. தண்ணி ஓடாம எந்த எஞ்சின் வச்சாலும் கொதிக்கத்தானே செய்யும்? பெரிய எஞ்சினுக்கு இன்னும் பெரிய ரேடியேட்டர்லா வேணும்!"

அவர் சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வழி தென்பட்டது. எஞ்சினை மாற்றுவதற்கு முன்னால், நம் மனக்குறைகளை ஒரு காகிதத்தில் எழுதி, 'இதற்கு எஞ்சின்தான் காரணமா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட வேண்டும்.

கொதிப்புக்குக் காரணம் ரேடியேட்டர். சரி, சாலையில் லாரிகள் பின்னால் நின்று ஹாரன் அடிக்கின்றனவே, அதற்கு? வேகம் கூட்டலாம்தான். ஆனால் வேகத்தைக் கூட்டுகிறவன் நிறுத்துவதையும் யோசிக்க வேண்டும். 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் காரை நிறுத்துவதைவிட, 80-ல் போகும் அதே காரை நிறுத்த பிரேக் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு வேலை செய்தாக வேண்டும். இது பௌதிகப் பாடம். எந்தக் கம்பெனிக் காரும் இதற்குத் தப்ப முடியாது. எங்கள் காரில் நாலு சக்கரத்திலும் அந்தக் காலத்து டிரம் பிரேக். எஞ்சினைப் பெரிதாக்கினால் பிரேக்கையும் மாற்ற வேண்டும். கியர் பெட்டியை மாற்ற வேண்டும். எஞ்சின் உட்காரும் இடத்தை வெட்டி ஒட்ட வேண்டும். 'பிற்பாடு வேண்டுமென்றால் பழையதையே மாட்டிக் கொள்ளலாம்' என்று சொல்வது சுலபம். வெட்டிய இரும்பு அவ்வளவு சுலபமாகப் பழையபடி ஆவதில்லை.

பிறகு காகித விவகாரம். எஞ்சின் நம்பர் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. பதினைந்து வருஷம் தாண்டிய சொந்தக் காரின் பதிவை ஐந்து வருஷத்துக்கொரு தரம் புதுப்பிக்க வேண்டும். அப்போது இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்ப்பார். தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது. அநுமதி பெறாமல் எஞ்சினை மாற்றிவிட்டு, ஒரு விபத்து என்று வந்துவிட்டால், இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அந்த நம்பரைத்தான்.

எஞ்சினுக்கு உண்மையிலேயே பகை ஒன்று உண்டென்றால், அது பெட்ரோல்தான். பழைய எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. புகை வெளியேறும் வால்வும் அதன் இருக்கையும் மோதித் தேயாமல், அந்த ஈயம் மெத்தைபோல் இருந்து காத்தது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி முதல் நாட்டில் ஈயமில்லாத பெட்ரோல்தான். நிதானமாக ஓட்டினால் தேய்மானம் மெதுவாகவே நடக்கும்; விரட்டி ஓட்டினால் விரைந்து நடக்கும். தேயத் தேய டாப்பெட் இடைவெளி குறையும். அப்போது ஹெட்டைக் கழற்றிக் கடினமான எஃகு இருக்கைகளை இறக்கினால் போதும். எங்களுக்கு இன்னும் அந்த வேளை வரவில்லை.

அடுத்தது, 2023-ல் அறிமுகமாகி 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்ட, 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் அது கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். அதைத் தாங்கும் குழாய்களாகவும் சவ்வாகவும் மாற்ற வேண்டும். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் சற்றுத் தாராளமாக வரும்படி திருத்த வேண்டும். இதற்கெல்லாம் எஞ்சினை இறக்க வேண்டியதில்லை.

ஆகக் காகிதத்தில் இருந்த குறைகளில் ஒன்றுகூட எஞ்சின் தலையில் விழவில்லை. இதை நான் விஸ்தாரமாக எடுத்துச் சொன்னதும், அண்ணன் வெற்றிப் புன்னகை புரிந்தான். அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"அதெல்லாம் சரிதான். எனக்கு அடுத்து யாருல இதை ஓட்டப் போறா? ஸ்டீரிங்குக்குக் கீழே கியரு, பிரேக்கை ஏறி மிதிக்கணும், மெதுவாத்தான் போகும். உங்களுக்குப் பழக்கமான மாதிரி மாத்திக் குடுத்தாலாவது ஓட்டுவீங்கன்னு பார்த்தேன். இல்லைன்னா படுதாவைப் போட்டு மூடிடுவீங்க" என்றார்.

அண்ணனுடைய புன்னகை மறைந்துவிட்டது. எஞ்சினைத் தொடக் கூடாது என்று சட்டம் பேசியவன், அந்தக் காரைத் தெருமுனைக்கு அப்பால் ஓட்டியதில்லை. வழக்கு குதிரைச் சக்தியைப் பற்றியது அல்ல என்பது எல்லோருக்கும் அப்போதுதான் விளங்கிற்று.

தீர்ப்பு இதுதான்: எஞ்சினைத் தொடுவதில்லை. 'வி.ஏ.' நம்பரும் வேண்டாம். சாதாரணப் பதிவே இருக்கட்டும். ரேடியேட்டருக்குப் புதிய கோர், பிரேக்குக்குப் புதிய லைனிங்கும் வீல் சிலிண்டர்களும், பெட்ரோல் குழாய்கள், பம்பு சவ்வு - இவ்வளவையும் செய்துவிட வேண்டும். பாய் போட்ட கணக்குப்படி, எஞ்சின் மாற்றுகிற செலவில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை. இவற்றோடு அப்பா விதித்த நிபந்தனை ஒன்று: மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஓட்ட வேண்டும், நான் ஊருக்கு வரும்போது நான் ஓட்ட வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வாயைத் திறக்க மாட்டார். (கடைசி விதியை அவர் இன்னும் அநுஷ்டிக்கத் தொடங்கவில்லை.)

மிச்சம் இருந்தது வெயில். அதற்குத்தான் ஒருவரும் கேட்காத அம்மா யோசனை சொன்னாள். "விடியக் காலம் நாலரைக்கே கிளம்பினா என்ன? எட்டு மணிக்குச் சாமி கும்பிட்டுட்டு வெயிலுக்கு முந்தித் திரும்பிடலாமே! இதுக்கா இத்தனை பேச்சு?"

இந்தப் பங்குனி உத்திரத்துக்கு அப்படியே செய்தோம். போகும்போது அப்பாவும் வரும்போது அண்ணனும் ஓட்டினார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும், "கார் எப்படிம்மா போச்சு?" என்று அண்ணன் ஆவலோடு கேட்டான்.

"எனக்கென்னடா தெரியும்? ஸ்ரீவைகுண்டம் தாண்டினதிலேயிருந்து தூங்கிட்டேன்" என்றாள் அம்மா.