வழியில் ஒரு டம்ளர் டீ

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று டீ இல்லாவிட்டால் எனக்கு வீட்டில் வேலையே ஓடாது. ஆனால் வெளியூர் கிளம்பிவிட்டாலோ பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. காரணம் வேறென்ன? குடித்தால் 'போக' வேண்டி வருமே! பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கம். நிறுத்துகிற இடத்திலோ மூக்கைப் பிடித்துக்கொண்டால்கூட உள்ளே கால் வைக்க முடியாது. என் அம்மா அப்படித்தான் பயணம் போவார். நானும் அதைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்திருந்தேன்.

2014 மே மாதம், நாத்தனார் மகள் கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து தென்காசிக்குப் பஸ்ஸில் போனோம். 600 கிலோமீட்டருக்கு மேல். வழியில் இரண்டு இடத்தில், "ஒரு வாய் டீ குடியேன்" என்றார் என் கணவர். "வேண்டாங்க, ஊருக்குப் போய்க் குடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்.

போய்ச் சேர்ந்த மறுநாளே நீர்க்கடுப்பு, எரிச்சல். முகூர்த்தத்தன்று குளிர் ஜுரம். அங்கே மேளம் கொட்டுகிறது, நான் உள்ளறையில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடக்கிறேன்!

"சிறுநீர்ப் பாதையில கிருமி. தண்ணியும் குடிக்காம, வந்ததையும் அடக்கி வெச்சா வராம என்ன செய்யும்? பெண்களுக்கு அந்தப் பாதை நீளம் குறைச்சல். கிருமி சுலபமா மேலே ஏறிடும்மா" என்றார் டாக்டரம்மா. தாலி கட்டுவதைப் பார்க்காத குறை இன்றும் எனக்கு உண்டு.

அன்றிலிருந்து என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். கிளம்பும்போதே பையில் காய்ச்சிய தண்ணீர் ஒரு பாட்டில். தாகத்துக்குத் தண்ணீர், அலுப்புக்கு டீ. கூடவே ஓர் எவர்சில்வர் டம்ளர். நன்றாகக் கொதித்த டீயில் கிருமி பிழைக்காது. ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிற கிளாஸில்தான் வம்பு. காகிதக் கப் உசத்தி என்று நினைக்காதீர்கள். அதன் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. 100 மில்லி சுடுநீர் 15 நிமிடம் அதில் இருந்தால் சுமார் 25,000 நுண்துகள்கள் கலக்கின்றன என்று 2020-இல் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வு சொன்னது.

இன்னொன்று, சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் டீ தடுத்துவிடும். ஒரு மணி நேரமாவது போகட்டும். ரத்தசோகை உள்ளவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இதில் கவனமாக இருக்க வேண்டும். குழந்தைகள் கேட்டால் டீ கொடுக்காதீர்கள், சூடான பால் போதும்.

போன மாதம் மகளோடு பஸ்ஸில் போனேன். "டீ வேண்டாம்மா" என்று கிசுகிசுத்தாள். காரணம் எனக்குத் தெரியாதா? எழுந்து போய், "தம்பி, பாத்ரூம் சுத்தமா இருக்கிற இடமாப் பார்த்துக் கொஞ்சம் நிறுத்துப்பா" என்று டிரைவரிடம் சொன்னேன். பெட்ரோல் பங்க் ஒன்றில் நிறுத்தினார். நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்தால், பின்னாலேயே எட்டுப் பெண்கள் இறங்கினார்கள்! அத்தனை பேரும் யாராவது ஒருத்தி வாய் திறக்கமாட்டாளா என்று காத்திருந்திருக்கிறார்கள்.

திரும்பி வந்து, பக்கத்துக் கடையில் எல்லோருமாக இஞ்சி டீ குடித்தோம். என் மகள் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கினாள்.