எட்டுக்கும் ஏழுக்கும்

குடுமியான்மலையில் எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் வராது. 2008-இல் நிலைமை அப்படி. திண்ணையில் ஒரு கோடு, தெருவில் இறங்கினால் இரண்டு, கோயில் பக்கம் போனால் மூன்று. அந்த நாளில் ராத்திரி நேரத்தில் ஒருவர் வேகவேகமாகக் கோயிலை நோக்கி நடந்தால், பக்தி என்று நினைத்துவிடக் கூடாது. மகன் துபாயிலிருந்து கூப்பிடுகிறான் என்று அர்த்தம்.

நானும் அப்படி ஒரு ராத்திரி நடந்தேன். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று லீவில் வந்திருந்தேன். அதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஒன்பதரை மணிக்கு, சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் ஜூனியர் பையன் கூப்பிட்டான். “அண்ணா... டேப்பு... ரோபோ...” என்று துண்டு துண்டாகக் கேட்டது. நோக்கியா போனின் டார்ச்சை அடித்துக்கொண்டு கிளம்பினேன். “இருட்டுல தனியாப் போகாதடா, பாம்பு பூச்சி கெடக்கும்” என்று அப்பாவும் கூடவே வந்தார். அவருக்குப் பகலிலேயே பாதிதான் தெரியும் என்பது வேறு விஷயம்.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டேப் லைப்ரரிகளுக்கு நான் சர்வீஸ் இன்ஜினீயர். லைப்ரரி என்றதும் கன்னிமாரா நூலகத்தை நினைக்காதீர்கள். பீரோ அளவுக்கு ஓர் இரும்புப் பெட்டி. உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள். ஒவ்வொரு மாடத்திலும் உள்ளங்கை அளவில் ஒரு கேசட். நம் பழைய பாட்டு கேசட்டுக்குப் பணக்காரப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்டிஓ-3 என்ற அன்றைய ரகத்தில், அரை அங்குல அகலத்தில் 680 மீட்டர் நாடாவை உள்ளே சுற்றியிருப்பார்கள். 400 ஜிபி பிடிக்கும். நடுவில் ஒரு ரோபோ கை. சர்வர் கேட்கிற கேசட்டை, பார்கோடு பார்த்து எடுத்துவந்து டிரைவின் வாயில் ஊட்டும். டிரைவ் படித்ததெல்லாம் ஃபைபர் கேபிள் வழியாக ஒரு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து சர்வருக்குப் போகும்.

‘இந்தக் காலத்திலும் டேப்பா?’ என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் ஒரு சாஃப்ட்வேர் கோளாறால் கொஞ்சம் பேருடைய மெயில்கள் காணாமல் போயின. பல இடங்களில் பிரதி வைத்திருந்தும் பலனில்லை. கோளாறு எல்லாப் பிரதிகளையும் தொட்டுவிட்டது. கடைசியில் கூகுள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்துதான். மாடத்தில் சும்மா கிடக்கிற கேசட்டை எந்த வைரஸும் எட்டாது. அது கரண்டும் தின்னாது. வாயில்லாப் பூச்சி.

சரி, அந்த ராத்திரிக்கு வருவோம்.

ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம். அன்று சாயங்காலம் அவர்களுடைய டேட்டாபேஸ் படுத்துவிட்டது. மறுநாள் சம்பளம் போட வேண்டும். முந்தின ராத்திரி எடுத்த பேக்கப் 47-ஆம் நம்பர் கேசட்டில் இருக்கிறது, எடுத்துப் போட்டால் முடிந்தது. ஆனால் அன்றைக்குக் காலையில்தான் லைப்ரரியின் சுவிட்ச் செத்து, நம்ம பையன் புது சுவிட்ச் மாட்டியிருந்தான். கேபிள்களைப் படத்தில் உள்ளபடி செருகியிருந்தான். எல்லா விளக்கும் பச்சை.

“அண்ணா, 47-ஐ எடுத்து மூணாவது டிரைவுல ரோபோ கரெக்டா போடுது. கண்ணால பாக்குறேன். ஆனா சர்வர், ‘இது 47 இல்ல, 112’ங்குது. லேபிள் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன். புதுசா லேபிள் எழுதிப் பாக்கட்டுமா?”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. “கீபோர்டுலேர்ந்து கையை எடு!” என்று நான் போட்ட சத்தத்தில் கோயில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

லேபிள் என்பது நாடாவின் ஆரம்பத்தில் எழுதப்படும் பெயர். அங்கே புதிதாக எழுதினால், ‘டேட்டா இவ்வளவுதான், இதோடு முடிந்தது’ என்று டிரைவ் எடுத்துக்கொள்ளும். பின்னால் மிச்ச நாடாவில் என்ன இருந்தாலும் சாதாரணமாகப் படிக்க முடியாது. 112-இல் இருந்ததோ போன வருஷத்துக் கணக்கு முழுவதும். பையன் ஒரே ஒரு ‘யெஸ்’ அடித்திருந்தால் அவ்வளவும் போச்சு.

“நாலாவது டிரைவுல எந்த டேப் இருக்கு?” என்றேன்.

பார்த்துவிட்டு வந்தான். “112 அண்ணா.”

அப்படியென்றால் கேசட்டில் கோளாறில்லை. ரோபோ மூன்றாம் வாசலில் ஆளை இறக்கிவிடுகிறது. சர்வர் நாலாம் வாசலில் மாலையோடு நிற்கிறது.

இதைச் சரிபார்க்க ஒரே வழி, சீரியல் நம்பர். கேபிள் மாறும், போர்ட் மாறும், ஒரு டிரைவ் பிறக்கும்போது போட்ட சீரியல் நம்பர் மாறாது. லைப்ரரியின் பேனலில் நாலு டிரைவின் நம்பர்களையும் படிக்கச் சொன்னேன். பிறகு சர்வரில் தெரிகிற வரிசையைப் படிக்கச் சொன்னேன். டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன். ஒன்றும் இரண்டும் சரி. மூன்றும் நாலும் இடம் மாறியிருந்தன.

ஏன் மாறியது? யோசித்துக்கொண்டே வந்தவனுக்குச் சுரீரென்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே லைப்ரரி. மூன்றாவது டிரைவ் விட்டு விட்டு மறைந்தது. கோளாறு டிரைவிலா, சுவிட்ச் போர்ட்டிலா என்று பார்க்க மூன்று, நாலு கேபிள்களை மாற்றிச் செருகினேன். அது எல்லோரும் செய்கிற சோதனைதான். கோளாறு போர்ட்டில்தான் இருந்தது. அதைச் சரிசெய்து முடிக்கும்போது ராத்திரி இரண்டு மணி. கேபிளைத் திருப்பி மாற்ற மறுபடி ரேக்குக்குப் பின்னால் தவழ வேண்டும். சோம்பல். சர்வரிலேயே ‘மூணு என்றால் நாலு, நாலு என்றால் மூணு’ என்று திருத்திவிட்டு, காப்பி குடிக்கப் போய்விட்டேன். எங்கும் எழுதி வைக்கவில்லை. நமக்குத்தான் ஞாபகம் இருக்குமே!

கதவில் ஒட்டியிருந்த பழைய படத்தை நம்பி பையன் ஒழுங்காகச் செருகியிருக்கிறான். தப்பு அவன்மேல் துளிகூட இல்லை. அதை அவனிடம் அப்போதே சொன்னேன். கொஞ்சம் இடைவெளி விட்டு, “பரவால்லண்ணா” என்றான். அந்த இடைவெளியில் என்ன நினைத்தானோ!

சர்வரில் திருத்தத்தை எடுத்தோம். பதினொன்றே முக்காலுக்கு 47 பேச ஆரம்பித்தது. என் போனில் பேட்டரி ஒரு கட்டையில் துடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி நடக்கும்போது, “என்னடா ஆச்சு?” என்றார் அப்பா. முப்பது வருஷம் ஓர் ஆபீசில் ரெக்கார்டு ரூமைக் கட்டி ஆண்டவர். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன்.

“எங்க ரூம்ல கட்டு வெளிய போனா, அந்த இடத்துல ஒரு சீட்டு வைப்போம். யார் எடுத்தது, என்னைக்கு எடுத்தது, எங்க போயிருக்கு. சீட்டு வைக்காம எடுத்தவன் திருடன் இல்ல, ஆனா திருடனை விட மோசம்” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை.

விடிந்தபோது ‘முடிஞ்சிருச்சு’ என்று எஸ்.எம்.எஸ். வந்திருந்தது. நிம்மதியில் அப்பாவை மேலைக்கோயில் பக்கம் அழைத்துப்போனேன். குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் இருக்கிறது அந்தப் பிரசித்தி பெற்ற இசைக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி. பல்லவ கிரந்த எழுத்தில் 38 வரி, ஏழு பகுதிகள். முழுக்க முழுக்க ஸ்வரங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் நாலு உயிரொலிகளோடு வருகிறது. ர, ரி, ரு, ரெ என்பதுபோல. மாணவர்களின் நன்மைக்காக ஓர் அரசன் செய்வித்தது என்று முடிகிறது. அது மகேந்திரவர்ம பல்லவன் என்பார்கள் ஒரு சாரார், இல்லை என்பார்கள் இன்னொரு சாரார்.

“எனக்கு மங்கலாத்தான் தெரியுது” என்றார் அப்பா. பிறகு சிரித்தார். “கண்ணு நல்லா இருக்குற உனக்கு மட்டும் படிக்கத் தெரியுதா?”

யோசித்துப் பாருங்கள். எழுத்து அழியவில்லை. ஆனால் அந்த நாலு உயிரொலிகளும் எதைக் குறிக்கின்றன என்பதில் அறிஞர்களுக்குள் இன்னமும் ஒத்த கருத்தில்லை. எங்கள் பாஷையில் சொன்னால், டேப் நன்றாக இருக்கிறது. டிரைவ்தான் தொலைந்துவிட்டது.

பக்கத்துத் திருமயத்தில் கதை இன்னும் மோசம். அங்கேயும் ஓர் இசைக் கல்வெட்டு இருந்திருக்கிறது. பிற்காலத்தில் அதன் பெரும்பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, மேலே வேறு கல்வெட்டு பொறித்துவிட்டார்கள். யாரோ ‘யெஸ்’ அடித்துவிட்டார்கள். சிரிக்காதீர்கள். நிலவில் மனிதன் இறங்கியபோது பதிவான அப்போலோ 11-இன் மூல டேப்புகளை, மறுபடி உபயோகிக்க வேண்டி அழித்திருக்கலாம் என்று 2009-இல் நாசாவே ஒப்புக்கொண்டது.

இப்போதெல்லாம் கேசட்டில் இன்னும் நிறையப் பிடிக்கிறது. 2021-இல் வந்த எல்டிஓ-9 ஒன்றில் 18,000 ஜிபி. ஆனால் அந்த டிரைவ் தன் ரகத்தையும் அதற்கு முந்தைய ரகத்தையும் மட்டும்தான் படிக்கும். அந்த ராத்திரி என்னைக் காப்பாற்றிய 47-ஐ அதன் வாயில் ஊட்டினால் துப்பிவிடும். பழையதைப் புதியதற்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாற்றும்போதெல்லாம் சீட்டு வைக்க வேண்டும்.

அதற்கப்புறம் நான் எந்த ரேக்கைத் திறந்தாலும், மூடுவதற்கு முன் கதவின் உள்பக்கம் தேதி போட்டு ஒரு தாள் ஒட்டுகிறேன். எந்த கேபிள், எந்த போர்ட், ஏன் மாற்றினேன் என்று. ஜூனியர் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உங்கள் வீட்டிலும் ஒரு லைப்ரரி இருக்கும். பீரோவின் அடித்தட்டில் பெயரில்லாத கேசட்டுகள், சிடிக்கள், யாருடையது என்று தெரியாத பென் டிரைவ். அதில் பாட்டி பாடியது இருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எதில் என்ன இருக்கிறது, எதில் போட்டால் ஓடும் என்று ஒரு வரி எழுதி ஒட்டிவிடுங்கள். தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே.

அந்த அரசனும் அதைத்தான் செய்திருக்கிறான். 38 வரியும் முடிந்தபிறகு, கடைசியில் தமிழில் ஒரு சின்னக் குறிப்பு: இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை. வீணையின் தந்திகளைச் சொல்கிறான் என்கிறார்கள் சிலர், வேறு என்கிறார்கள் சிலர்.

நமக்குப் புரியாமல் போனது நம் தலையெழுத்து. அவன் சீட்டு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்.