வேலிக்கு இருபுறமும் வெண்பனிப் பேச்சு

வட அமெரிக்காவின் ஐம்பெரும் வாவிகளுள் ஈரி வாவியே ஆழங் குறைந்தது. அதன் சராசரி ஆழம் 62 அடிதான். நீளமோ ஏறத்தாழ 240 மைல். தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி நீண்டு கிடக்கும் அந்நீர்ப்பரப்பின் கீழைக்கோடியிலே நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் அமைந்திருக்கிறது. நயாகரா நீர்வீழ்ச்சியைக் காணச் செல்வோர் கோடைகாலத்திலே இந்நகரை மோட்டார் வண்டியில் விரைந்து கடந்துவிடுவர். மாரியிலே சில வாரமேனும் தங்கியிருந்தாலன்றி இவ்வூராரின் இயல்பு புலப்படாது.

அயலார் இருவர் சந்தித்தால் வானிலையைப் பற்றிப் பேசுவது உலக வழக்கு. பேசுதற்கு வேறு பொருளில்லாதவிடத்து எழும் பேச்சு அது என்று சொல்வாருமுளர். பஃபலோவிலே அப்படியன்று. அங்கே வெண்பனி எப்போது வரும், எவ்வளவு வரும், எத்தெருவில் நிற்கும் என்பதே கார்த்திகை தொடங்கிப் பங்குனி ஈறாக வீட்டுக்கு வீடு நடைபெறும் ஆராய்ச்சி. கடையிலும் கோயிலிலும் பேருந்திலும் அதுவே பேச்சு.

2024ஆம் ஆண்டு தை மாதத்திலே, பஃபலோவைத் தெற்கே ஒட்டியுள்ள லாக்கவானா என்னும் சிறு பட்டினத்திலே சில வாரந் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. ஒருகாலத்திலே இரவெல்லாம் வானஞ் சிவக்க உருக்கு வார்த்த ஊர் அது. பெத்லகேம் உருக்காலையின் உலைகள் 1983இல் அணைந்தபின் ஊர் அடங்கிவிட்டது. அவ்வாலைக்கென்று கடல்கடந்து வந்தோருள் யேமன் நாட்டு அராபியரும் உளர். அவர்தம் வழிவந்தோர் இன்றும் அங்கே திரளாக வாழ்கின்றனர். நாம் தங்கிய வீட்டின் வலப்புறத்திலே ஆலையில் வேலைபார்த்து ஓய்ந்த முதியவர் ஒருவர் தனித்து வாழ்ந்தார். இடப்புறத்திலே யேமனியக் குடும்பம் ஒன்று. தெருமுனையில் அவர்களுக்கு மளிகைக்கடை உண்டு. எதிர்வீட்டுப் பெண்மணி மருத்துவமனையிலே இரவுப்பணி செய்யுந் தாதி. யேமனிய வீட்டுப் பிள்ளைகள் முதியவரை ‘அம்மோ’ என்று அழைப்பர். அரபியிலே அது தந்தையின் உடன்பிறந்தானைக் குறிக்கும் முறைப்பெயர். முதியவரோ போலந்து வழிவந்த கத்தோலிக்கர். அப்பெயரைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டிருந்தார்.

இவ்விடத்திற் சொல்லைப் பற்றி ஒரு சொல். மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்குந் துளியையும், வயல்வெளியை மறைக்கும் மூட்டத்தையும் நாம் பனி என்றே வழங்குகிறோம். வானிலிருந்து இலவம்பஞ்சு போல இறங்குவதையும் அதே சொல்லுக்குள் அடக்கவேண்டியிருப்பதால் இங்கு அதனை வெண்பனி என்கிறோம். பஃபலோவிலிருந்து இரண்டு மணிநேரத் தொலைவிலுள்ள ரொறன்ரோவில் வாழும் எம்மவர் இச்சிக்கலை எளிதிலே தீர்த்துக்கொண்டனர். “வெளியில ஸ்நோ கொட்டுது” என்பதோடு முடிந்துவிடும். பண்டிதர் எவரும் அங்கு சென்று தடுத்ததாகத் தெரியவில்லை.

வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து வருங்கால் நீராவியை முகந்து எமது கீழைக்கரையிலே மழையாகச் சொரிவதை மாணவர் அறிவர். ஈரி வாவியில் நிகழ்வதும் அதன் உறவுதான். கோடையிற் பெற்ற வெப்பத்தை வாவிநீர் எளிதில் விட்டுவிடாது. மாரி தொடங்கிக் கனடாவின் வடபுலத்துக் கடுங்குளிர்க்காற்று அந்நீரின்மேல் வீசும்போது, அடிக்காற்று வெம்மையும் ஈரமும் ஏற்று மேலெழுந்து முகிலாகின்றது. நீரின் மேற்பரப்புக்கும் 5,000 அடி உயரத்துக் காற்றுக்கும் இடையே 13 பாகை செல்சியஸ் அளவு வேற்றுமை இருந்தால் இதற்குப் போதுமென்பர். காற்று வாவியின் நீளப்போக்கிலேயே வீசுமாயின் முகில்கள் ஒன்றுதிரண்டு ஒரே பட்டையாகிவிடும். அப்பட்டையின் அகலம் சில மைல்தான். அதனுள் மணிக்கு மூன்று அங்குலமும் அதற்கு மேலும் வெண்பனி கொட்டும். சிலவேளை இடியும் மின்னலும் கூடவரும். பட்டைக்கு வெளியே நிற்பவன் நீலவானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். 2014ஆம் ஆண்டு நவம்பரிலே லாக்கவானாவையும் அதனயல் ஊர்களையும் ஐந்தடிக்கு மேற்பட்ட வெண்பனி மூடியபோது, பஃபலோவின் வடபுறத்தார் சில அங்குலத்தையே கண்டனர். நகரின் உயர்ந்த கட்டடங்களிலிருந்து நோக்கியவர்களுக்கு அது வெண்சுவர் போலக் காட்சியளித்தது. 2022 நவம்பரிலே தெற்கேயுள்ள ஓர்ச்சாட் பார்க், ஹம்பேர்க் ஆகிய ஊர்களிலே நான்கு நாளில் ஏறத்தாழ 80 அங்குலம் வீழ்ந்தது. ஓர் ஆளை நிறுத்தி மூடிவிடும் உயரம்!

ஆகவே, “ஓரடி முதல் மூன்றடி வரை” என்று வானிலையாளர் எதிர்வுகூறும்போது வேலியோரத்தில் நிற்பவர்கள் அவ்விலக்கத்தோடு அமைவதில்லை. “காற்று எந்தப் பாகையில்?” என்பதே முதற் கேள்வி. காற்றின் திசை சில பாகை பிசகினாற் பட்டை பத்து மைல் நகர்ந்துவிடும். எம் கரையோர மீனவர் சோளகம், கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றுக்குப் பெயரிட்டு அதன் குணங்கூறுவது போல, அம்முதியவர் மேல்காற்றையும் தென்மேற்குக் காற்றையும் வேறுபிரித்துப் பேசினார். தென்மேற்காயின் பட்டை நகரின் நடுவே செல்லும். மேற்கே திரும்பத் திரும்பத் தெற்கூர்களின்மேல் இறங்கும். அவர் கைத்தொலைபேசியிலே றேடார்ப் படத்தைப் பார்ப்பார். பின்பு தலையை நிமிர்த்தி ஆலையிருந்த திக்கிலே முகிலைப் பார்ப்பார். இரண்டும் ஒத்தாலன்றி வாய்திறக்கமாட்டார்.

விளையாட்டான நம்பிக்கைகளுக்கும் குறைவில்லை. கம்பளிப்புழு ஒன்றுண்டு, இருமுனையுங் கறுத்து நடுவே செந்நிறப் பட்டையுடையது. செம்பட்டை அகன்றிருந்தால் மாரி மெல்லியது, ஒடுங்கியிருந்தாற் கொடியது என்பது நம்பிக்கை. ஈரி வாவியின் தென்கரையிலே, ஒகையோ மாநிலத்து வெர்மிலியன் என்னும் ஊரில் இப்புழுவுக்கு விழாவெடுக்கிறார்கள். பென்சில்வேனியாவிலே பெப்ரவரி 2ஆம் நாள் வளையிலிருந்து வெளிவரும் பிராணியொன்று தன் நிழலைக் கண்டால் இன்னும் ஆறுவாரக் குளிர் என்கின்றனர்; அது 1887 முதல் நடந்து வருகிறது. எங்கள் ஊர்ப் பல்லிச் சாத்திரத்தை நகைப்பவர்கள் இதனையும் அறிந்துகொள்ளுதல் நன்று.

பெய்தபின்பு அளவைப் பற்றிய வழக்கு எழும். வெண்பனி தன் பாரத்தால் தானே அமிழும். காற்று ஓரிடத்தை வெறுமையாக்கி ஓரிடத்திற் குவிக்கும். ஆதலால் அவதானிகள் வெண்ணிறப் பலகையொன்றைத் திறந்தவெளியில் வைத்து, அதில் வீழ்ந்ததை அளந்து துடைத்து மீண்டும் வைப்பர். அவ்வாறு துடைப்பது ஆறுமணிக்கு ஒருமுறைக்கு மேற்படலாகாது என்பது விதி. அடிக்கடி துடைத்தால் தொகை ஊதிவிடும். முதியவர் தமது தோட்டத்து மேசையிலே அடிக்கோலை நாட்டி அளந்தார். யேமனிய வீட்டு மூத்த மகன் தன் கார்க்கூரையில் அளந்தான். இருவர்க்குமிடையே நான்கங்குல வேற்றுமை வந்தபோது வழக்குத் தீர்க்க எம்மை அழைத்தனர். விருந்தினர் தீர்ப்புக் கூறலாகாது என்று நாம் ஒதுங்கினோம்.

இப்பேச்சுக்களின் அடியிலே ஒரு துயரம் கிடந்தது. அது மெல்ல மெல்லவே வெளிவந்தது.

முதியவரின் இளமைக்கால நினைவு 1977ஆம் ஆண்டுப் புயல். அவ்வாண்டு சனவரி 28ஆம் நாள் வெள்ளிக்கிழமை. வாவி டிசம்பர் நடுவிலேயே உறைந்துவிட்டதால் இனி அஞ்சவேண்டியதில்லை என்றிருந்தனர் பலர். நீர் மூடிக்கொண்டால் நீராவி எழாதல்லவா? ஆனால் உறைந்த வாவியின்மேல் வாரக்கணக்காகத் தூள்போன்ற வெண்பனி சேர்ந்திருந்தது. மணிக்கு 69 மைல் வரை வீசிய காற்று அதனை வாரிக்கொணர்ந்து நகரின்மேல் எறிந்தது. வானம் புதிதாகத் தந்தது ஓரடியளவே. வாவி தன் சேமிப்பிலிருந்து தந்ததே பெரும்பகுதி. 29 உயிர் போயிற்று. அத்தகையதொன்று தம் வாழ்நாளில் மீளாது என்றே முதியவர் எண்ணியிருந்தாராம்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் அது மீண்டது. அன்றும் வெள்ளிக்கிழமை, நத்தாருக்கு இருநாள் முன்பு. இம்முறை அறிவியல் தவறவில்லை. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரத்தக்க புயலென்று தேசிய வானிலைச் சேவையார் நாட்கணக்காக முன்னரே எச்சரித்திருந்தனர். மணிக்கு 35 மைலுக்குக் குறையாத காற்றும், கால் மைலுக்கு அப்பாற் பார்க்கவியலாமையும் மூன்று மணிநேரந் தொடர்ந்தால் அதனைக் கடும்பனிப் புயல் என்பர். பஃபலோவில் அந்நிலை 37 மணிநேரம் நீடித்தது. விமான நிலையத்திலே நான்கடிக்கு மேல் வெண்பனி அளக்கப்பட்டது. அப்பகுதியில் 47 பேர் மாண்டனர். சிலர் வண்டிக்குள், சிலர் வீதியில், சிலர் வெப்பமூட்டி நின்றுபோன தம் வீட்டினுள்ளே. சிலர்க்கு உதவி அழைத்தும் வண்டி வந்து சேரவில்லை. சிலர் வெண்பனி அள்ளும்போதே நெஞ்சடைத்து வீழ்ந்தனர். பஃபலோ நகரிலே கறுப்பின மக்கள் தம் தொகைக்கு மிஞ்சிய விகிதத்தில் இறந்தனர்.

“எல்லாரும் கேள்விப்பட்டோம், கேள்விப்பட்டு என்ன?” என்றார் தாதி. பிரயாணத் தடை பிறந்தது காலை 9.30 மணிக்கு. அதற்குள் விடியற்காலைப் பணிக்குச் சென்றவர் சென்றுவிட்டனர். தொழிலிடம் மூடப்படாதபோது நாட்கூலிக்காரன் வீட்டிலிருக்க முடியுமா? நான்கு நாளைக்கு உணவு வாங்கி வையுங்கள் என்று வானொலி சொல்லுகிறது. நான்கு நாளைக்குரிய பணம் கையிலில்லாதவன் என்செய்வான்? இக்கேள்விகளை அவர் உரத்த குரலிலே கேட்கவில்லை. கையுறையைக் கழற்றி மாட்டியபடியே சொன்னார். எமக்கு மறுமொழி தோன்றவில்லை.

யேமனியத் தாய் வேறொரு செய்தி சொன்னார். அப்புயலிலே சீக்ட்டோவாகா என்னுமிடத்தில் வண்டியோடு சிக்குண்ட ஒருவர், அயலிலிருந்த பள்ளிக்கூடத்தின் யன்னலை உடைத்து, வழியில் அகப்பட்ட இருபதுக்கு மேற்பட்டோரை உள்ளே அழைத்துச்சென்று காத்தார். புறப்படும்போது இடத்தைத் துப்புரவாக்கி, கண்ணாடியை உடைத்தமைக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதமும் எழுதிவைத்தார். ஊரார் அதனைப் புராணம் போலச் சொல்லுகின்றனர்.

2024 சனவரி 12ஆம் நாள் மாலை, மறுநாள் புயல் என்ற அறிவிப்பு வந்தபோது நாம் வேலியோரத்திற் கேட்ட பேச்சு இந்த நினைவுகளின்மேல் எழுந்தது. அங்குலக்கணக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

“அம்மோ, மருந்து எத்தனை நாளைக்கு இருக்கிறது?”

“ஆறு நாளைக்கு.”

“சவளைக் கையிலே எடுக்கக்கூடாது. என் மகன் வருவான்.”

“நான் உன் மகனைவிட விரைவாக அள்ளுவேன்.”

“அது எங்களுக்குத் தெரியும். அதனாலேதான் எடுக்கக்கூடாது என்கிறோம்.”

தாதி மருத்துவமனையிலேயே இருநாள் தங்குவதற்கு உடுப்பைக் கட்டிக்கொண்டு அன்றிரவே போனார். போகுமுன் தம் வீட்டுத் திறப்பை யேமனிய வீட்டிற் கொடுத்தார். வெப்பமூட்டியின் புகைக்குழாய் வீட்டின் பக்கச்சுவரிலே தாழ்வாக நீண்டிருக்கும். வெண்பனி அதனை அடைத்தால் நச்சுவாயு உள்ளே திரும்பும். மூன்று வீட்டுக் குழாய்களையும் யார் எப்போது பார்ப்பது என்றும் முறை வகுத்தனர்.

சனியன்று பட்டை வந்தது. யன்னலுக்கு வெளியே தெருவிளக்கு மறைந்தது, எதிர்வீடு மறைந்தது, இறுதியில் வேலியும் மறைந்தது. ஞாயிறன்று ஓர்ச்சாட் பார்க் விளையாட்டரங்கிலே நடைபெறவிருந்த உதைபந்தாட்டப் போட்டியைத் திங்களுக்குப் பின்போட்டனர். அரங்கத்து வெண்பனியை அள்ளுவதற்கு மணிக்கு 20 டொலர் வீதம் கூலி தருவதாக அறிவித்து ஊராரையே அழைத்தனர். அள்ளியது போக எஞ்சியதன்மேல் அமர்ந்தே பலர் ஆட்டம் பார்த்தனர். மூன்று மணிக்கொருமுறை யேமனிய வீட்டு மகன் இடுப்பளவு பனியிலே நடந்துவந்து குழாய்களைத் துழாவிவிட்டுப் போவான். முதியவர் உள்ளிருந்து யன்னற் கண்ணாடியைத் தட்டி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கைகாட்டுவார்.

எமக்கு விளங்காத வழக்கு இன்னுமொன்றுண்டு. 1964 முதல் மாரிதோறும், வாவியிலிருந்து நயாகரா ஆறு புறப்படுமிடத்திலே, மின்னிலையங்களை உறைகட்டிகள் தாக்காதவாறு மிதவைத் தடையொன்றை நீரின்குறுக்கே கட்டுகின்றனர். அது கட்டிகளைத் தேக்கிவைப்பதாலே வசந்தம் பிந்துகிறது என்பது முதியவரின் கட்சி. ஆராய்ச்சியாளர் அவ்வாறில்லை என்று கண்டனர் என்பது தாதியின் கட்சி. புயல் ஓய்ந்து தெரு திறந்த செவ்வாய்க்கிழமை, இருவரும் வழக்கை விட்ட இடத்திலிருந்து தொடங்கினர். “வாவியைக் கேட்டார்களா அந்த ஆராய்ச்சியாளர்?” என்றார் முதியவர். புதன்கிழமை மீண்டும் வெண்பனி வருமென்று அன்று மாலை அறிவித்தார்கள்.