மன்னாருக்குப் போகிறீர்களா?



பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் நம் வீடுகளில் நுவரெலியா, கண்டி, காலி என்றுதான் பேச்சு நடக்கும். மன்னார் என்றால், "அங்கே என்ன இருக்கிறது? வெயிலும் கழுதையும்தானே!" என்று பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். போய்வந்தவர்களிலும் பலர் காலையில் இறங்கி, கோட்டையையும் ஒரு பெரிய மரத்தையும் பார்த்துவிட்டு மாலையிலேயே திரும்பி விடுகிறார்கள். மன்னாரை அப்படிப் பார்க்காதீர்கள். இரண்டு நாட்கள் ஒதுக்குங்கள். முடியுமானால் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வெயிலும் முற்றியிராது. மதவாச்சியில் பிரியும் வீதி செட்டிகுளம், முருங்கன் வழியாக மன்னாருக்குச் செல்கிறது. யுத்தத்தினால் 1990 இல் நின்றுபோன தலைமன்னார்ப் புகையிரதப் பாதை 2015 இல் மீண்டும் திறக்கப்பட்டது. எனினும் புறப்படுமுன் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். முருங்கன் பக்கம் வரும்போது கட்டுக்கரைக் குளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள். தண்ணீர் நிறைந்திருந்தால் கடல் வந்துவிட்டதா என்று கேட்பார்கள்.

உண்மையான கடல் தாம்போதியில்தான் வரும். பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் இந்தப் பாதையின் இருபுறமும் ஆழமில்லாத நீர். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான பறவைகள் இங்கு வந்து தங்குகின்றன. பூநாரைகள் தூரத்தில் வெள்ளைக் கோடுபோல நிற்கும், எழுந்து பறக்கும்போதுதான் சிறகின் சிவப்புத் தெரியும். பக்கத்திலுள்ள வங்காலைப் பகுதி 2008 இல் சரணாலயமாக்கப்பட்டது. விடியற்காலையில் போனால்தான் பறவைகளை நன்றாகப் பார்க்கலாம், பத்து மணிக்குப் பிறகு கண் கூசும்.

தீவில் ஏறியதும் கோட்டை. போர்த்துக்கேயர் 1560 இல் கட்டியது. 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு திருத்திக் கட்டினார்கள். உள்ளே இடிந்த சுவர்களைத் தவிர அதிகமில்லை. அரை மணித்தியாலம் போதும். நிழல் இல்லாததால் கைக்குழந்தையோடு நடுப்பகலில் போக வேண்டாம்.

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்துக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். உயரம் ஏழரை மீற்றர்தான், ஆனால் அடிமரத்தின் சுற்றளவோ பத்தொன்பது மீற்றருக்கும் மேல். பிள்ளைகளைக் கை கோத்துச் சுற்றி நிற்கச் சொல்லுங்கள், ஒரு குடும்பம் போதாது. இது நம் நாட்டு மரமல்ல, ஆபிரிக்காவில் வளர்வது. அப்படியானால் இங்கு எப்படி வந்தது? அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டார்கள் என்பது ஊர் வழக்கு. தெருவெங்கும் திரியும் கழுதைகளையும் அவர்கள் கொண்டுவந்தவை என்றே சொல்கிறார்கள். எழுத்தில் யாரும் குறித்து வைக்கவில்லைதான், ஆனால் நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. தாம்போதிக்கு அப்பால், திருக்கேதீச்சரம் கோயில் இருக்கும் இடத்தில், மாந்தை என்ற பழைய துறைமுகம் இருந்தது. 1980களில் அங்கு தோண்டியபோது பாரசீக வளைகுடாப் பக்கத்து மட்பாண்டத் துண்டுகளும் சீனத்துப் பீங்கான்களும் கிடைத்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கப்பல்கள் இந்தக் கரையைத் தேடி வந்திருக்கின்றன.

தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீற்றர். 1914 முதல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது. 1964 இல் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடி, 1984 இல் நின்றது. துருப்பிடித்த பழைய இறங்குதுறை இன்னும் நிற்கிறது. அதற்கப்பால்தான் ஆதம் பாலத்தின் மணல் திட்டுகள். போகும் வழியில் தென்கரையோரம் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளும் தெரியும்.

இனி, மூத்தவரைக் கூட்டிச் செல்லுங்கள் என்று சொன்னதன் காரணத்துக்கு வருகிறேன்.

தலைமன்னார் வீதிப் பக்கம் தாராபுரம், எருக்கலம்பிட்டி என்ற முஸ்லிம் ஊர்கள் இருக்கின்றன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். மொத்தம் சுமார் எழுபத்தையாயிரம் பேர் என்பது பொதுவான கணக்கு. மன்னார்த் தீவிலிருந்தவர்களில் பெரும்பாலோர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். வீட்டையும் வளவையும் ஆடு மாட்டையும் விட்டு, கையில் எடுத்த சில பைகளோடு போனார்கள். தமிழ் அயலவர் பலர் அழுதபடி வழியனுப்பியதை இன்றும் நம் உம்மாமார் சொல்வார்கள். சில நாட்களில், அல்லது சில வாரங்களில் திரும்பலாம் என்றே பலரும் நினைத்தார்கள். அது இருபது ஆண்டாகியது. புத்தளம் நாகவில்லுவில் எருக்கலம்பிட்டி என்ற பெயரிலேயே இன்னோர் ஊர் எழுந்தது.

2009 இல் யுத்தம் முடிந்த பின் சிலர் திரும்பினார்கள். பலர் திரும்பவில்லை. ஆகவே நீங்கள் எருக்கலம்பிட்டியில் நடக்கும்போது குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் கூரையில்லாத சுவர் நிற்கக் காணலாம். அதன் முன்னால் நின்று படம் பிடிக்காதீர்கள். அது ஒருவருடைய குசினி. "புத்தளத்திலிருந்து ஏன் நீங்கள் இன்னும் வரவில்லை?" என்று யாரையும் கேட்காதீர்கள். இங்கு பிறக்காத பிள்ளைகள் அங்கு படித்து, அங்கு கலியாணம் முடித்து, அங்கேயே தொழில் செய்கிறார்கள். இரண்டு ஊரிலும் ஒருவர் எப்படி இருப்பது?

உங்கள் உம்மா அல்லது உம்மும்மா இந்த ஊர்களில் பிறந்தவராக இருந்தால், கடற்கரையை நாளைக்கு வைத்துக்கொண்டு முதலில் அவரோடு அவருடைய வளவுக்குப் போங்கள். கிணறு எங்கே, பனை எத்தனை, வேலிக்கப்பால் யார் இருந்தார்கள் என்று அவரே சொல்லட்டும். ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பல வீடுகள் பெண்பிள்ளையின் சீதனமாக எழுதப்பட்டவை, உறுதியில் இருப்பது உம்மாவின் பெயர்தான். அந்த உறுதி வெளியேறிய அவசரத்தில் தொலைந்து போயிருக்கலாம். எல்லை சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராய்க் கண்மூடி வருகிறார்கள். கிராம உத்தியோகத்தரையும் பழைய அயலவரையும் அவர் உயிரோடு இருக்கும்போதே சந்திக்க வைப்பது, ஆயிரம் படம் எடுப்பதைவிடப் பிரயோசனமானது. வாப்பாமார் இதைச் செய்வார்கள் என்று விட்டுவிடாதீர்கள். வளவில் எந்த மூலையில் எந்த மரம் நின்றது என்பது பெண்களுக்குத்தான் ஞாபகம்.

உங்களுக்கு அங்கே சொந்தம் எதுவும் இல்லையென்றாலும் போகலாம். ஸலாம் சொல்லி ஒரு வீட்டில் வுழூச் செய்யத் தண்ணீர் கேளுங்கள். எல்லாப் பள்ளிவாசலிலும் பெண்களுக்குத் தொழ இடமிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, அதனால் கேட்பதில் கூச்சம் வேண்டாம். தேநீர் குடிக்காமல் விடமாட்டார்கள். கதையை நீங்களாகத் தோண்டாதீர்கள், அவர்களாகத் தொடங்கினால் எழுந்திருக்காதீர்கள்.

நேரம் மிஞ்சினால் பெருநிலக் கரையில் அரிப்புக்குப் போகலாம். முத்துக்குளிப்பைப் பார்வையிட ஆளுநர் நோர்த் 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை அங்கே இடிந்து நிற்கிறது. ஊரார் அதை அல்லிராணி கோட்டை என்பார்கள். கடல் அரித்துக்கொண்டே வருவதால் பிள்ளைகளை விளிம்புக்கு விடாதீர்கள்.

திரும்பும்போது மன்னார்ச் சந்தையில் புழுக்கொடியலும் பனையோலைப் பெட்டியும் வாங்குங்கள். கருவாடு வாங்குவதென்றால் கடைசியில் வாங்கி, பத்திரிகைத் தாளில் சுற்றி, அதன்மேல் இரண்டு பொலித்தீன் பை போட்டுக் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மதவாச்சி வரைக்கும் பஸ்ஸிலுள்ள எல்லோரும் உங்களையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.